இஃப் என்றால்

செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஏழு மணிக்கு,
திருப்பாதிரிப்புலியூர், டயர் கடை மாடி.
சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகளில்
பதினோரு ஜோடி முழங்கால்கள் இடித்துக்கொள்கின்றன.
ரயில் போனால் பாடத்தை நிறுத்திவிடுவேன்.
சரக்கு வண்டியென்றால்
போர்டை முழுக்கத் துடைக்க நேரம் கிடைக்கும்.

பகலில் நான் பத்திரம் டைப் அடிப்பவள்.
அங்கே ஒரு வாக்கியம் மூன்று பக்கம் ஓடும்,
முற்றுப்புள்ளி வருவதற்குள்
பாகஸ்தரில் ஒருவர் காலமாகியிருப்பார்.
இங்கே அப்படி இல்லை.
அவள் போனாள். நான் தூங்கினேன். வலை அறுந்தது.
தனி வாக்கியத்துக்கு யாரும் பயப்படுவதில்லை.
தொடர் வாக்கியமும் பரவாயில்லை.
பெனடிக்டா நர்ஸ்
நான்கு நாள் நைட் டியூட்டியை
‘அண்ட்’ ‘அண்ட்’ என்று முடிச்சுப் போட்டு
ஒரே மூச்சில் இழுத்து வந்துவிட்டாள்.

கலவை வாக்கியத்தில்தான் எல்லோருக்கும் விக்கல்.

நமக்கு மழை பெய்ததால்தான் கடைக்குப் போகவில்லை;
அவர்கள் முதலில் கடைக்குப் போகாமல் இருந்துவிட்டு
அப்புறம் மழையைப் பெய்யவிடலாம், என்றேன்.
“மழைக்கு முன்னாடியே நனைஞ்சிருவானுங்களா?”
கேட்டது சிங்காரத்தோப்பு அஞ்சாப்புலி.
வயர்லெஸ்ஸில் கப்பல்காரன் கத்துகிறானாம்,
என்ன சொல்லித் திட்டுகிறான் என்று தெரிந்தாக வேண்டுமாம்.
அதற்காக இருபது கிலோமீட்டர் கடல்,
அப்புறம் குளித்துவிட்டு இந்த மாடிப்படி.

காரணம் முன்னால் வந்தால் கால்புள்ளி வை,
பின்னால் வந்தால் வேண்டாம்.
முன்னால் வருகிற ‘பிகாஸ்’
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும்,
கழற்றிய செருப்புதான் அந்தக் கால்புள்ளி.
சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமை.

தேசிங்கு சிரிக்கவில்லை.
சிப்காட்டில், ரியாக்டர் பக்கம், பத்தொன்பது வருஷம்.
சூப்பர்வைசர் ஆக்குவதென்றால்
லாக் புக் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றிருக்கிறார்கள்.
சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் போனில் பிடித்து வந்து
நோட்டில் எழுத்து எழுத்தாக இறக்கியிருந்தார்:
‘இஃப் தேர் இஸ் எ லீக் இன்ஃபார்ம் த ஷிஃப்ட் இன்சார்ஜ்.’
“கால்புள்ளி விட்டுட்டாங்க மேடம்.”
சரிதான். லீக்குக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தார்.
பேனாவை எடுக்கவில்லை.
“இஃப் என்றால்,
நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும்?”
ஆமாம்.
“வென்?”
நடக்கும். என்றைக்கு என்பதுதான் பாக்கி.

இஃப்பை அடித்துவிட்டு
மேலே சின்னதாக ‘வென்’ எழுதினார்.
“தமிழ் நோட்டீஸ்ல ‘கசிந்தால்’னு இருக்கும் மேடம்.
ரெண்டுக்கும் அதே ‘ஆல்’தானே.
எதைச் சொல்றாங்கன்னு
இத்தனை வருஷமா நான் கேக்கவே இல்ல.”

“எதை எழுதினா மார்க்?” பெனடிக்டாவின் கவலை அவளுக்கு.
இரண்டும் இலக்கணப்படி சரி, என்றேன்.
சிவப்புப் பேனா மூடியை
திறந்து மூடிக்கொண்டிருந்தது என் கட்டைவிரல்.
தெற்கிலிருந்து காற்று வந்தது,
இந்த ஊரில் யாரும் பெயர் வைக்காத அந்த வாடையோடு.
ஜன்னல் பக்கம் இருந்தவர் கேட்காமலே எழுந்து சாத்தினார்.

வியாழன் அவர் வரவில்லை, ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள்.
அன்றைக்கு ‘ஆல்தோ.’
நம்மிடம் அது வெறும் ஓர் உம்:
படித்தும், சொல்லியும், தெரிந்திருந்தும்.
அவ்வளவு பெரிய வார்த்தையை இத்தனூண்டு உம்முக்குள்ளா
என்று அஞ்சாப்புலி வியந்துகொண்டிருந்தபோது
மேசைமேல் என் போன் நடுங்கியது.
தேசிங்கு. ஒரு போட்டோ, எழுத்து ஒன்றுமில்லை.
அதே சுவர், அதே நோட்டீஸ்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இஃப் அப்படியே இருந்தது.
லீக்குக்குப் பக்கத்தில் மட்டும்
நீல மார்க்கரில், கொஞ்சம் தடிமனாக,
ஒரு கால்புள்ளி.